மழை மாலையான கதை

1970களின் நடுப்பகுதியில் கொழும்பிலுள்ள தமிழ் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில் நான் செய்த முதற்பிழை இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. மாரிகாலம். எனது சொந்த ஊரான ஒட்டுசுட்டானிலிருந்து எமது நிருபர் தந்தியொன்று அனுப்பியிருந்தார். தந்திக் கருவிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நிருபர்கள் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் அமைத்து அனுப்புவர். மேசையிலிருக்கும் நாங்கள் அவற்றை மீளவும் தமிழாக்குவோம். "விதைநெல் வழங்கல் மலை நிறுத்தம்" என்றுதான் அந்தத் தந்தியை வாசிக்க முடிந்தது. எங்கள் ஊரில் மலை இல்லை. எனவே அது 'மாலை'யாகத்தான் இருக்கவேண்டுமென்று முடிவுகட்டினேன். "விதைநெல் வழங்கல் மாலையுடன் நிறுத்தப்படும்" என்று அச்சேறியது.

நிருபர் எழுதியது மழை. மழையால் வழங்கல் நிறுத்தப்பட்டது என்பதே செய்தி. பத்திரிகை பார்த்த கமக்காரர் பலர் மாலைக்குள் போய்விடவேண்டுமென்று வெள்ளம் பாய்ந்த பாதையில் வண்டில் கட்டி வந்து, வெறுங்கையுடன் திரும்பினர். அவர்களுள் என் ஐயாவும் ஒருவர். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, உங்கடை பேப்பருக்கு மழைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியாதோ?"

பத்திரிகைக்குத் தெரியும். தந்திக்குத்தான் தெரியவில்லை. மலை, மழை, மாலை மூன்றையும் ஆங்கில எழுத்தில் ஒரே ஐந்தெழுத்தால் எழுதிவிடலாம். இந்தச் சிறு குறை தந்தியோடு ஒழிந்து போயிருந்தால் நான் இதனை எழுதவேண்டியதில்லை. அது மின்னஞ்சலுக்கும் வந்தது; அங்கே விலாசத்தில் குடியேறிக்கொண்டது. அந்த வரலாற்றை எனக்குத் தெரிந்தவரையில் இங்கே பதிந்து வைக்கின்றேன்.

கல்லிலும் ஏட்டிலும்

எங்கள் பெயர்களைப் பிறர் எழுத்தில் எழுதும் வழக்கம் பழையது. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்து நினைவுக்கல் ஒன்று இருந்தது. 1803 அக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் இதுவென்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தனர். 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைந்நூல் ஒன்று வெளியிட்டார். அதன் தலைப்பில் முல்லைத்தீவு என்ற பெயரிலே தகரத்துக்குரிய ஆங்கில எழுத்து இரட்டித்து வருகின்றது. இன்றைய பெயர்ப்பலகைகளில் ஒற்றையாக வருகின்றது. சிலர் அதனோடு 'எச்' எழுத்தையும் சேர்ப்பர். ஊர் ஒன்றுதான், விலாசம் மூன்று.

இந்தக் குழப்பத்துக்கு அறிஞர்கள் மருந்து கண்டிருந்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டியவர்கள் அறிவர். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பு உண்டு. நெடிலுக்கு எழுத்தின் மேலே கோடு. ளகரத்துக்கு 'எல்' எழுத்தின் கீழே புள்ளி. ழகரத்துக்கு அதே எழுத்தின் கீழே கோடு. இவ்வாறு எழுதினால் மலை வேறு, மழை வேறு, மாலை வேறு. பிரெஞ்சுக்காரர் 'ஈ' எழுத்தின் மேலிடும் சாய்கோடும், ஜெர்மானியர் உயிரெழுத்தின் மேலிடும் இரட்டைப் புள்ளியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. குறியை எடுத்துவிட்டால் சொல் மாறிவிடும். அந்தக் குறிகளைத் தந்திப்பலகை ஏற்கவில்லை. பின்னர் கணினியும் ஏற்கவில்லை.

நூற்று இருபத்தெட்டு இடங்கள்

1963இல் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்னும் குறிமுறை வகுக்கப்பட்டது. ஏழு 'பிட்'களால் அமைந்த 128 இடங்கள். ஆங்கில எழுத்துகளும், இலக்கங்களும், நிறுத்தக்குறிகளும், கருவிக்கான கட்டளைகளும் அதனுள் அடங்கிவிட்டன. கோடிட்ட எழுத்துக்கோ புள்ளியிட்ட எழுத்துக்கோ இடமில்லை. 1971இல் ரே டொம்லின்சன் பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க '@' குறியைப் பயன்படுத்தினார். 1982இல் ஜோன் பொஸ்டல் எழுதிய அஞ்சல் நெறிமுறை, ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்கு மடல் எவ்வாறு கைமாறவேண்டும் என்பதை வரையறுத்தது. ஏழு பிட்டுக்கு மேற்பட்ட எதுவும் அதிற் செல்லாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் வசதிக்காக எழுதப்பட்ட அந்த விதி, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகத்தின் விலாச விதியாயிற்று.

இலங்கைக்குரிய 'எல்கே' என்னும் குறியீடு இணையத்திற் பதிவானது 1990இல். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. வன்னியில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. மொரட்டுவையிலே பேராசிரியர்கள் மின்னஞ்சலைப் பரிசோதித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டுசுட்டான் மக்கள் மண்ணெண்ணெய் விளக்கில் கடிதம் எழுதி, வவுனியாவுக்குப் போகும் யாரேனும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தனர்.

கடிதம் வந்தது, விலாசம் வரவில்லை

தமிழில் மின்மடல் எழுதும் முயற்சியை முன்னெடுத்தவர்கள் புலம்பெயர்ந்தோரும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருமே. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிற்சர்லாந்திலிருந்த கலாநிதி கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்பன அக்காலத்தவருக்கு மறக்க முடியாதவை. இலங்கையிற் கோலோச்சியது பாமினி. பாமினி செய்த தந்திரம் எளியது. ஆங்கில எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துவிட்டது. 'தமிழ்' என்று நாம் தட்டினால், கணினியின் கணக்கில் அது 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி'. பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே பல்லிளிக்கும். ஆயினும் ஒரு நன்மை உண்டு. அவை ஏழு பிட்டுக்குள் அடங்கியவை. எந்த வழங்கியைக் கடந்தாலும் சேதமுறாமல் வந்து சேர்ந்தன.

1990களின் இறுதியில் உருவான திஸ்கி வேறுவழி சென்றது. ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டு, எட்டாவது பிட்டைக்கொண்டு கிடைக்கும் மேல் 128 இடங்களில் தமிழை வைத்தது. ஒரே எழுத்துருவில் இரண்டு மொழியும் எழுதலாம். ஆனால் வழியிலிருந்த பழைய வழங்கியொன்று எட்டாவது பிட்டைக் கத்தரித்துவிட்டால், 'தமிழ்' என்ற சொல் 'பெரிது' என்னும் கணிதக் குறி, ஆங்கில 'ஏ', மேற்கோட்குறி, 'இசட்' என நான்கு துண்டுகளாய் வந்து விழும். எமது அலுவலகத்துக்கு அப்படி வந்த கட்டுரைகளை நான் கண்டிருக்கிறேன். முழுப்பக்கக் கட்டுரை, ஒரு சொல்லேனும் வாசிக்க முடியாது.

இதற்கு 1992இல் நதானியேல் பொரென்ஸ்ரைனும் நெட் பிரீடும் வகுத்த 'மைம்' என்னும் முறை வழிசெய்தது. எட்டுப் பிட்டு எழுத்துகளை ஏழு பிட்டு உறையிலே மடித்து அனுப்பி, மறுமுனையில் விரித்துக்கொள்ளலாம். மடலின் உடலும் தலைப்பும் இவ்வாறு விடுதலை பெற்றன. அனுப்புவோர் பெயரையும் அலங்காரமாகக் காட்டலாம். ஆனால் '@' குறிக்கு இருபுறமும் உள்ள விலாசத்தை அந்த உறையில் மடிக்க அனுமதியில்லை. உறைக்குள்ளே தமிழில் எதையும் எழுதலாம்; உறையின் மேல் ஆங்கில எழுத்து மட்டுமே.

ஒரு பட்டியல்

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது என் தங்கை செட்டிகுளத்து முகாமொன்றில் இருந்தாள். இருந்தாள் என்பது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது. அவளது மகன் பாரிஸ் புறநகரில் இருந்தான். முகாம்களில் உள்ளோரின் பெயர்ப்பட்டியல்கள் ஆங்கில எழுத்தில் மின்னஞ்சல் வழியே கைக்குக் கை பரவிக்கொண்டிருந்தன. அவன் இரவு பகலாகக் கணினியில் தேடினான். தாயின் பெயர் வள்ளியம்மை. 'வீ' எழுத்தில் தொடங்கி, 'எல்' இரண்டு இட்டுத் தேடினான். இல்லை. 17 நாட்கள் கழித்து நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தபோது அவள் கிடைத்தாள். எழுதியவர் வகரத்துக்கு 'டபிள்யூ' இட்டிருந்தார், ஒற்றை 'எல்'. பட்டியல் முதல் நாளே எங்கள் கையில் இருந்தது. அந்த 17 நாட்களையும் அவன் எவ்வாறு கழித்தான் என்பதை நான் எழுதப்போவதில்லை.

ஒருவருடைய பெயரை அவருடைய எழுத்திலேயே எழுதவேண்டுமென்பதைச் சிலர் மொழிப்பற்று என்று சொல்லிப் புன்னகைப்பர். எனக்கு அது அந்தப் பட்டியலில் ஒரு வரி.

வீட்டின் பெயரும் ஆளின் பெயரும்

விலாசத்தில் '@' குறிக்குப் பின்னால் வருவது தளப்பெயர். வீட்டின் பெயர் போன்றது. முன்னால் வருவது அவ்வீட்டில் உள்ள ஆளின் பெயர். வீட்டின் பெயருக்கு விடிவு முதலில் வந்தது. 2003இல் எந்த மொழித் தளப்பெயரையும் ஆஸ்கி எழுத்துகளாக உருமாற்றும் முறை தரமாக்கப்பட்டது. நாம் தமிழில் எழுதுவோம். கணினி அதனை 'எக்ஸ், என், இரண்டு இணைகோடு' என்று தொடங்கும் சங்கேதமாக மாற்றிப் பெயரேட்டில் தேடும். 2004இல் ஜெர்மனியும் 2012இல் பிரான்சும் தத்தம் நாட்டுத் தளப்பெயர்களிற் குறியிட்ட எழுத்துகளை அனுமதித்தன. 2010இல் '.இலங்கை' என்னும் தமிழ்ப் பெயரும் அதன் சிங்கள இணையும் உலகப் பெயரேட்டின் வேரில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டில் '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்பன வந்தன.

ஆளின் பெயரை ஏன் அவ்வாறே சங்கேதமாக்கவில்லை என்று கேட்கலாம். இதற்கு நியாயமான காரணம் உண்டு. '@' குறிக்கு முன்னால் உள்ளதைப் பொருள்கொள்ளும் உரிமை அவ்வீட்டு வழங்கிக்கு மட்டுமே உரியது; வழியிலுள்ள வேறெந்த வழங்கியும் அதிற் கைவைத்தல் ஆகாது என்பது ஆதிவிதி. ஆகவே வழியிலுள்ள அனைவரும் அந்தப் பெயரை உள்ளபடியே சுமந்து செல்ல ஒப்பவேண்டும். 2008இல் பரீட்சார்த்தமாக ஒரு முறை வெளியாயிற்று. சுமக்க இயலாத வழங்கி குறுக்கிட்டால் ஆஸ்கி விலாசத்துக்கு இறங்கிவிடலாம் என்று அது சொன்னது. நடைமுறையிற் சிக்கல் பெருகவே, 2012இல் வெளியான நிரந்தரத் தரம் அந்த இறக்கத்தைக் கைவிட்டது. ஒப்பினால் சுமக்கலாம்; ஒப்பாவிட்டால் அனுப்பியவரிடமே திருப்பவேண்டும்.

இரண்டு வழங்கிகள் சந்திக்கும்போது முகமன் கூறிக்கொள்ளும். பின்னர் பெறும் வழங்கி தன்னால் இயன்றவற்றைப் பட்டியலிடும். அந்தப் பட்டியலில் 'எஸ்எம்டிபி யூடிஎப் எட்டு' என்ற சொல் இருந்தால் தமிழ் விலாசம் தாண்டும். முன்னாளில் தபால் ஓட்டக்காரர் கை மாற்றிக் கொண்டுவந்த பையைப் போன்றதே இது. இடையில் ஒருவர் மறுத்தாற் பை நின்றுவிடும். ஜீமெயில் 2014இல் இத்தகைய விலாசங்களோடு மடல் பரிமாறத் தொடங்கியது. தன் பயனருக்கு அத்தகைய விலாசத்தை அப்போது வழங்கவில்லை. சொந்தமாக வழங்கி நடத்துவோர் பலரும் கையாளும் போஸ்ட்பிக்ஸ் என்னும் மென்பொருள் 2015இல் வெளியான மூன்றாம் பதிப்பில் இதனை ஏற்றது.

மருமகனின் வழங்கி

2016இல் என் மருமகன் தமிழ்த் தளப்பெயர் ஒன்றை வாங்கி, பாரிஸ் வீட்டின் ஒரு மூலையில் சிறு கணினியொன்றை வைத்து அஞ்சல் வழங்கி நடத்தத் தொடங்கினான். உலகெங்கும் சிதறிய ஊரவருக்குத் தத்தம் பெயரிலே விலாசம் கொடுப்பது அவன் எண்ணம். முதல் விலாசம் தாயின் பெயரில். இரண்டாவது, பிரெஞ்சுச் சாய்கோட்டோடு எழுதும் அவன் மகள் அமேலியின் பெயரில்.

முதற்சிக்கல் மகளின் விலாசத்தில் வந்தது. ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, விலாசம் சரியாத்தான் இருக்கு. மெயில் மட்டும் திரும்பி வருகுது. அப்பிடி ஒரு ஆளே இல்லையாம்." ஆராய்ந்து பார்த்தபோது விளங்கிற்று. சாய்கோடிட்ட அந்த எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். வெறும் எழுத்து, அதன்பின் தனியான சாய்கோடு என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவனுடைய நண்பர் கோப்புப் பெயரொன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டிய விலாசம் இரண்டாவது வகை. வழங்கியின் பட்டியலில் இருந்ததோ முதல்வகை.

தமிழுக்கும் இது உண்டு. 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் சேர்த்து எழுதலாம். ககரம், கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். இவற்றை ஒரே வடிவுக்குக் கொணரும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். விலாசத்தைப் பதியும்போதும் மடலைப் பெறும்போதும் வழங்கி அதனைச் செய்யவேண்டும். எனினும் இயல்பாக்கத்துக்கும் அகப்படாத ஓரெழுத்து உண்டு: 'ஸ்ரீ'. அதனை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியிற் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். ஒருங்குறி இவையிரண்டையும் ஒன்றெனக் கருதுவதில்லை. ஸ்ரீ எனத் தொடங்கும் பெயருடையோருக்கு மருமகன் இரண்டு வடிவத்தையும் பதிந்து ஒரே பெட்டிக்குத் திருப்பிவிட்டான்.

அடுத்தது நீளம். விலாசத்தில் ஆளின் பெயருக்கு 64 எண்மங்கள் மட்டுமே. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் எண்மம். தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று. 'ஒட்டுசுட்டான்' என்ற பெயர் தொல்காப்பியர் கணக்கில் 7 எழுத்து. மெய்யையும் புள்ளியையும் உயிர்க்குறியையும் வேறாக எண்ணும் ஒருங்குறிக் கணக்கில் 13. எண்மக் கணக்கில் 39. எங்கள் ஊரின் பெரிய குளத்தின் பெயரில் ஒரு விலாசம் வேண்டுமென்று கமக்காரர் சிலர் கேட்டனர். 'முத்தையன்கட்டுக்குளம்' 63 எண்மம். ஓர் எண்மம் மிச்சமிருக்கத் தப்பிப் பிழைத்தது. அதனோடு இன்னொரு புள்ளி வைக்கவும் இடமில்லை.

போலி உருவங்களும் கவனத்துக்குரியவை. தமிழ் இலக்கம் ௭ எகரத்தைப் போலிருக்கும். ௮ அகரத்தைப் போலிருக்கும். ௧ ககரத்தைப் போலிருக்கும். ஒருவரின் பெயரில் இன்னொருவர் நுழைய இது போதும். மருமகன் தமிழ் இலக்கங்களையும் வேற்றுமொழி எழுத்துக் கலப்பையும் விலாசத்தில் தடைசெய்தான். பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற தொல்லை மட்டும் தமிழுக்கு இல்லை. அந்த வகையில் மகளின் விலாசத்தைவிடத் தாயின் விலாசம் எளிது.

இவையெல்லாம் செய்த பின்னரும் ஒரு மடலுக்கு வழி திறக்கும், இன்னொன்றுக்குத் திறக்காது. அவனது வழங்கி பழுதாகும் வேளையில் மடலை ஏந்திவைப்பதற்கென ஒழுங்குசெய்த மாற்று வழங்கி, தமிழ் விலாசத்தை அறியாதது. இரண்டு கிழமையாக வந்தவை சில அங்கேயே திருப்பப்பட்டன. மாற்று வழங்கியையும் சோதித்துப் பார்த்த பின்னரே விலாசத்தை ஊரவருக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவன் பட்டறிந்த பாடம். ஒவ்வொரு தமிழ் விலாசத்துக்கும் ஆங்கில எழுத்திலும் ஒரு துணைவிலாசம் கொடுத்து, இரண்டையும் ஒரே பெட்டியில் இணைத்தான். 2012இன் தரம் கைவிட்ட இறக்கத்தை அவன் வீட்டிலேயே கட்டிக்கொண்டான் என்று சொல்லலாம்.

மழை

2017இன் மாரியில், ஓய்வுபெற்று ஊரில் இருந்த நான், பாரிசுக்கு மகனிடம் போயிருந்த தங்கைக்கு அவளுடைய தமிழ் விலாசத்துக்கு முதல் மடலை எழுதினேன். தலைப்பு: மழை. "இன்று விடியற்புறம் தொடங்கியது, இன்னும் விடவில்லை" என்பதே செய்தி. பேத்தியின் கைப்பேசியில் அவள் அதனை வாசித்தாளாம். பெயர் வள்ளியம்மையாகவே இருந்தது. மழையும் மழையாகவே போய்ச் சேர்ந்தது. ஐயா இருந்திருந்தால் அவரிடம் காட்டியிருப்பேன்.

கதை அங்கே முடியவில்லை. சென்ற ஆண்டு தங்கை ஊருக்கு வந்திருந்தபோது அலுவலகமொன்றிற் படிவம் நிரப்பவேண்டி நேர்ந்தது. மின்னஞ்சல் என்ற கட்டத்தில் நான் அவளது தமிழ் விலாசத்தைத் தட்டினேன். செல்லுபடியாகாத எழுத்து என்று திரை சிவந்தது. துணைவிலாசத்தைச் சொன்னேன். மேசையிலிருந்த இளைஞர் நல்லவர். விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டார்:

"அம்மாவின்ரை பேர் 'வீ'யோ, 'டபிள்யூ'வோ ஐயா?"